பிறர் கணினியில் குடியேறிய இயங்குதளம்

1995இல் ஆப்பிள் தன் இயங்குதளத்தைப் பிற நிறுவனக் கணினிகளுக்கும் உரிமம் கொடுத்து வழங்கியது. பவர் கம்ப்யூட்டிங் முதலிய நிறுவனங்கள் மலிவாக விற்று ஆப்பிளின் வாடிக்கையாளரையே ஈர்த்தன. 1997இல் மீண்டு வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் அவ்வழியை அடைத்தார். கணினி விற்றுப் பிழைக்கும் நிறுவனத்துக்கு அது சரியான கணக்கே.

கணினி செய்யாதோர்க்கு அக்கணக்குப் பொருந்தாது. சென்னை சி-டாக் உருவாக்கி 2007இல் வெளிவந்த பாஸ் லினக்ஸுக்கெனத் தனிக் கணினி இல்லை. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பல நிறுவனங்களின் கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இடம்பெற்றது. ஏலத்தோட்டக் கூலிக்கு மலையேறும் கம்பம் பள்ளத்தாக்குப் பெற்றோரின் பிள்ளைகளுக்கும் அக்கணினிகள் கிடைத்தன. ஒரே நிறுவனத்தின் கணினியோடு பிணைக்கப்பட்டிருந்தால், தமிழிலேயே இயக்கத்தக்க அவ்வியங்குதளம் அவர்கள் கைக்கு எட்டியிருக்குமா? விற்பனையாளர் வழியை அடைக்கலாம். பொதுப்பணத்தில் உருவாக்குவோர் அடைக்கலாகாது.