கைபேசி இருப்பிடத் தரவும் அமெரிக்கத் தனியுரிமைச் சட்டமும்

கைபேசி இருப்பிடத் தரவு என்பது ஒரு கைபேசி எந்த நேரத்தில் எந்தக் கோபுரத்துடன் தொடர்பு கொண்டது என்பதைத் தொலைபேசி நிறுவனம் பதிந்து வைக்கும் குறிப்பாகும். கைபேசி இயக்கத்தில் இருக்கும் வரை, உரிமையாளர் யாரையும் அழைக்காவிட்டாலும், அது அருகிலுள்ள கோபுரங்களைத் தேடிக்கொண்டே இருக்கும். இதனால் ஒருவர் சென்று வந்த இடங்களின் தடம் அவர் அறியாமலேயே சேர்கிறது. இத்தடத்தைக் காவல்துறை பெறுவதற்கு நீதிமன்றத்தின் தேடுதல் ஆணை தேவையா என்ற கேள்விக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'கார்ப்பென்டர் எதிர் ஐக்கிய அமெரிக்கா' வழக்கில் 2018 ஜூன் 22 அன்று விடையளித்தது.

நான்காம் திருத்தம்

1791 இல் அமெரிக்க அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட நான்காம் திருத்தம், மக்களின் உடல், வீடு, ஆவணங்கள், உடைமைகள் ஆகியவற்றை நியாயமற்ற சோதனையிலிருந்து காக்கிறது. தேடுதல் ஆணை பெற, குற்றத்தின் சான்று கிடைக்கும் என்று நம்புவதற்குத் தகுந்த காரணத்தைக் காவல்துறை நீதிபதியிடம் காட்ட வேண்டும்.

தொலைபேசி வந்தபோது இப்பாதுகாப்பின் எல்லை குறித்துக் கேள்வி எழுந்தது. வீட்டுக்குள் நுழையாமல் வெளியே உள்ள கம்பியில் ஒட்டுக்கேட்பது சோதனை ஆகாது என்று 1928 இல் ஓம்ஸ்டெட் வழக்கில் நீதிமன்றம் கூறியது. 1967 இல் காட்ஸ் வழக்கில் அந்நிலை மாறியது. பொதுத் தொலைபேசிக் கூண்டின் வெளியே ஒலிப்பதிவுக் கருவி பொருத்தியதும் சோதனையே என்றும், திருத்தம் காப்பது இடங்களை அல்ல, மனிதர்களை என்றும் தீர்ப்பளிக்கப்பட்டது.

மூன்றாம் தரப்புக் கோட்பாடு

அடுத்த பத்தாண்டில் இப்பாதுகாப்புக்கு ஒரு விதிவிலக்கு உருவானது. வங்கியிடம் உள்ள காசோலைகள், வைப்புச் சீட்டுகள் ஆகியவற்றின் மீது வாடிக்கையாளர் தனியுரிமை கோர முடியாது என்று 1976 இல் மில்லர் வழக்கிலும், ஒருவர் சுழற்றிய தொலைபேசி எண்களுக்கும் அது இல்லை என்று 1979 இல் ஸ்மித் வழக்கிலும் நீதிமன்றம் முடிவு செய்தது. ஒரு தகவலை விரும்பி ஒரு நிறுவனத்திடம் கொடுப்பவர், அது அரசிடம் போகக்கூடும் என்பதையும் ஏற்றுக்கொள்கிறார் என்பதே இதன் தர்க்கம்.

நாடாளுமன்றம் 1986 இல் மின்னணுத் தொடர்புகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 1994 இல் திருத்தப்பட்ட அதன் ஒரு பிரிவின்படி, கேட்கப்படும் பதிவுகள் விசாரணைக்குத் தொடர்புடையவை என்று நம்ப நியாயமான அடிப்படை உண்டு எனக் காட்டினாலே நீதிமன்ற உத்தரவு கிடைக்கும். இது தேடுதல் ஆணைக்கு வேண்டியதைவிடக் குறைந்த தகுதி.

கார்ப்பென்டர் வழக்கு

2011 இல் கைதான ஒருவர், மிச்சிகன், ஒகையோ மாநிலங்களில் நான்கு மாதங்களில் ஒன்பது கடைகளைக் கொள்ளையடித்ததாக ஒப்புக்கொண்டு, கூட்டாளிகளின் கைபேசி எண்களைக் கொடுத்தார். அவற்றுள் ஒன்று கார்ப்பென்டருடையது. எப்.பி.ஐ. தேடுதல் ஆணை பெறாமல், மேற்கூறிய சட்டப் பிரிவின் கீழ் உத்தரவு பெற்றது. நிறுவனங்கள் கொடுத்த பதிவுகளில் 127 நாட்களுக்குரிய 12,898 இருப்பிடப் புள்ளிகள் இருந்தன. சராசரியாக நாளொன்றுக்கு 101 புள்ளிகள். நான்கு கொள்ளைகள் நடந்த இடங்களுக்கு அருகில் அவருடைய கைபேசி இருந்ததை அவை காட்டின. அவருக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அதற்குள் நீதிமன்றத்தின் பார்வை மாறத் தொடங்கியிருந்தது. 2012 இல் ஜோன்ஸ் வழக்கில், செல்லுபடியாகும் ஆணையின்றி ஒரு வாகனத்தில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி 28 நாட்கள் கண்காணித்தது சோதனையே என்று ஒன்பது நீதிபதிகளும் ஏற்றனர். பெரும்பான்மைத் தீர்ப்பு, வாகனத்தைத் தொட்டுக் கருவி பொருத்தியதைக் காரணமாகக் காட்டியது. கைபேசியிலோ யாரும் எதையும் பொருத்தத் தேவையில்லை.

தீர்ப்பு

5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் தீர்ப்பை எழுதினார். கைபேசி இன்றி இன்றைய சமூகத்தில் இயங்க முடியாது. அதை இயக்கினாலே பதிவு உருவாகிறது. ஆகவே இருப்பிடத்தை நிறுவனத்துடன் 'விரும்பிப் பகிர்ந்ததாக'க் கொள்ள முடியாது என்று அவர் விளக்கினார். மேலும், நிறுவனங்கள் பதிவுகளை ஐந்தாண்டுகள் வரை வைத்திருப்பதால், யார் மீதும் ஐயம் எழும் முன்பே அனைவரின் கடந்தகால நடமாட்டமும் அரசின் கைக்கு எட்டுகிறது. எனவே ஏழு நாட்கள் அல்லது அதற்கு மேற்பட்ட பதிவுகளைப் பெறுவது சோதனை. பொதுவாக அதற்குத் தேடுதல் ஆணை வேண்டும்.

நான்கு நீதிபதிகள் மாறுபட்டனர். இப்பதிவுகள் நிறுவனத்தின் சொத்து, வங்கிப் பதிவுகளிலிருந்து வேறுபட்டவை அல்ல என்றார் நீதிபதி கென்னடி. நீதிபதி கோர்சச் மூன்றாம் தரப்புக் கோட்பாட்டையே குறை கூறினார். தரவு வாடிக்கையாளரின் சொத்து என்ற வாதம் முறையாக முன்வைக்கப்படவில்லை என்பதால் மாறுபட்டார்.

தீர்ப்பின் எல்லைகள்

தீர்ப்பு தன்னைக் குறுகியது என்றே அறிவித்துக்கொண்டது. நிகழ்நேரக் கண்காணிப்பு, ஒரு கோபுரத்துடன் குறிப்பிட்ட நேரத்தில் இணைந்த எல்லாக் கைபேசிகளின் பட்டியலையும் பெறுதல் ஆகியவை பற்றி அது முடிவு கூறவில்லை. மில்லர், ஸ்மித் தீர்ப்புகளையும் நீக்கவில்லை.

வழக்கில் வென்ற கார்ப்பென்டருக்கும் அதனால் விடுதலை கிடைக்கவில்லை. அன்று நடைமுறையில் இருந்த சட்டத்தை நல்லெண்ணத்துடன் நம்பியே அதிகாரிகள் செயல்பட்டனர் என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 இல் குற்றத்தீர்ப்பை உறுதி செய்தது.

மற்றொரு வழியும் திறந்தே இருந்தது. கைபேசிச் செயலிகள் திரட்டும் இருப்பிடத் தரவைத் தரகு நிறுவனங்கள் விற்கின்றன. அரசு அமைப்புகளும் அதை வாங்குகின்றன. இதைத் தடுக்கும் சட்ட முன்வரைவைப் பிரதிநிதிகள் அவை 2024 ஏப்ரலில் நிறைவேற்றியது. அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடியும் வரை செனட் அதை நிறைவேற்றவில்லை. நீதிபதியிடம் காரணம் காட்டிப் பெற வேண்டிய தகவலை விலை கொடுத்துப் பெறலாமா என்பது கார்ப்பென்டர் தீர்ப்பு விட்டுச்சென்ற முக்கியக் கேள்வியாகும்.