வில்லும் பைனாகுலரும்

விஸ்கான்சினில் மகன் வீட்டில் தங்கியிருந்த செப்டம்பர் மாதம் அது. பக்கத்து வீட்டுப் பெரியவர் தினமும் விடியுமுன் கையில் வில்லோடு கிளம்பிப் போவார். வயது எழுபத்தைந்து, என்னைவிட நான்கு கூட. நம் நாட்டில் 1972 சட்டத்துக்குப் பிறகு மானை வேட்டையாடினால் ஜெயில்தான். அங்கே உரிமம் வாங்கிவிட்டால் போதும். வில் வேட்டைக்கென்றே செப்டம்பர் மத்தியில் தனிப் பருவம் தொடங்கிவிடுகிறது. எனக்கு அது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் துப்பாக்கி மலிந்த நாட்டில் இவர் ஏன் வில்லைத் தூக்குகிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை. கேட்டேன். "ஈஷியைத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டார். தெரியாது. மகனின் நூலகச் சீட்டில் புத்தகம் எடுத்துவந்து படித்தேன்.

கலிபோர்னியாவில் தங்கம் தேடி வந்த கூட்டம், அங்கிருந்த யாகி என்ற பழங்குடியைச் சுட்டே அழித்தது. மிஞ்சிய சிலர் மலை இடுக்குகளில் பல வருஷம் ஒளிந்து வாழ்ந்தார்கள். கடைசி ஒருவர் 1911 ஆகஸ்ட் 29 அன்று ஓரோவில் என்ற ஊரின் இறைச்சிக் கொட்டகை அருகே பட்டினியோடு அகப்பட்டார். தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் வழக்கமில்லை. அதனால் குரோபர் என்ற மானிடவியல் பேராசிரியர், அவர் மொழியில் 'மனிதன்' என்று பொருள்படும் 'ஈஷி' என்ற சொல்லையே பெயராக வைத்தார். சான்பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

பக்கத்து மருத்துவமனையில் சாக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். ஈஷிக்கு வைத்தியம் பார்க்கப் போனவர், அவரிடமே வில்வித்தைக்கு மாணவரானார். ஜூனிப்பர் மரத்தைச் செதுக்கி, முதுகில் மான் நரம்பை ஒட்டி வில் செய்வார் ஈஷி. வேட்டைக்கு முன் மீன் சாப்பிடமாட்டார், புகையிலை தொடமாட்டார், குளித்துவிட்டுத்தான் கிளம்புவார். மானின் மூக்குக்கு உள்ள கூர்மை அப்படி. காற்றுக்கு எதிர்முகமாகவே போவார். பாடம்செய்த மான் தலையைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, புதருக்கு மேல் ஏற்றி இறக்கிக் காட்டுவார். அது என்னவென்று பார்க்க மானே கிட்ட வரும்.

1916 மார்ச் 25 அன்று காசநோயில் இறந்தார். எரிக்கும்போது ஒரு வில்லையும் ஐந்து அம்புகளையும் உடன் வைத்தார்கள். அதற்கு முன்னால் நடந்ததுதான் என்னை உறுத்தியது. உடலை அறுக்க வேண்டாம் என்று குரோபர் கடிதம் எழுதியிருந்தார். அப்படியும் அறுத்தார்கள். மூளையைத் தனியே எடுத்து ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அது உறவுக் குடிகளின் கைக்குத் திரும்பி வந்தது 2000-ல்! படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

போப் 1923-ல் எழுதிய புத்தகத்தைப் படித்துப் பல இளைஞர்கள் வில் செதுக்க ஆரம்பித்தார்கள். விஸ்கான்சின் 1934-லேயே வில்லுக்குத் தனிப் பருவம் ஒதுக்கிவிட்டது. 1969-ல் ஆலன் என்ற மிசௌரிக்காரர், கப்பி வைத்த வில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். முழுதாக இழுத்த பிறகு கைக்குப் பாரம் வெகுவாகக் குறைந்துவிடும். பெரியவர் கையிலிருந்ததும் அந்த வகைதான்.

வில் எதுவானாலும் இருபது முப்பது கெஜத்துக்குள் மான் வரவேண்டும். அது நம்மைப் பார்க்குமுன் நாம் அதைப் பார்த்துவிட வேண்டும். முழு மானைத் தேடினால் கிடைக்காதாம். நெட்டுக்குத்தான மரங்களுக்கு நடுவே படுக்கையாக ஒரு முதுகுக் கோடு, அசையும் ஒரு காது, இப்படித் துண்டு துண்டாகத்தான் தேட வேண்டுமாம். அதற்குத்தான் மார்பில் எப்போதும் பைனாகுலர்.

நானும் ஒன்று வாங்கினேன். 12x25. பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும், சட்டைப்பையில் அடங்கும் என்ற ஆசை. பகலில் கை நடுக்கத்தில் எல்லாம் ஆடியது, அந்தியில் இருட்டுதான். கண்புரை ஆபரேஷன் செய்த கண்தான் மறுபடி மங்குகிறதோ என்று உள்ளூர பயம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

பெரியவர் அதை வாங்கி, கையை நீட்டி வானத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். கண் வைக்கும் பக்கத்தில் ஒரு பொட்டு வெளிச்சம். முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் அந்தப் பொட்டின் அளவு: 25-ஐ 12-ஆல் வகுத்தால் 2 மில்லிமீட்டர். மான் நடமாடுவதோ விடியலிலும் அந்தியிலும். அந்த மங்கலில் நம் கண்மணி விரிந்து காத்திருக்க, உள்ளே வருவது அவ்வளவுதான். முப்பத்து மூன்று வருஷம் லென்ஸ் பாடம் நடத்தியவன் நான்! கடையில் நிற்கும்போது இந்த வகுத்தல் நினைவுக்கு வரவில்லை.

மாலுமிகள் இரவில் பயன்படுத்தும் 7x50-ல் பொட்டு 7 மில்லிமீட்டர். இளவட்டங்களுக்குச் சரி. நம் வயதில் கண்மணி இருட்டிலும் ஏறக்குறைய 5-க்கு மேல் விரிவதில்லை. மிச்ச வெளிச்சம் வீண், சுமையும் கூட. பெரியவரிடம் இருந்தது 8x42. பொட்டு 5.25, எட்டு மடங்கில் கை ஆட்டமும் அவ்வளவாகத் தெரியாது. 1894-ல் ஜெர்மனியின் சைஸ் கம்பெனி கொண்டுவந்த பட்டகப் பைனாகுலரின் வாரிசுதான் இது.

"ஈஷியிடம் இதெல்லாம் இல்லையே?" என்றேன்.

"அவருக்கு என் கண்ணும் இல்லையே" என்று சிரித்தார்.

மறுநாள் அவரிடம் இருந்த பழைய 8x42 ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போனார். பொழுது சாயும் நேரம், பின்கட்டுப் படியில் உட்கார்ந்து மர ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காது அசைந்தது. பிறகு ஒரு முதுகு. ஒரு பெட்டை மான், பின்னால் வளர்ந்த குட்டிகள் இரண்டு. கண்ணில் ஒரு மங்கலும் இல்லை; இமை மயிர்கூடத் தெரிந்தது.

இருட்டிய பிறகு அவர் வெறுங்கையோடு திரும்பி வந்து, "ஏதாவது தென்பட்டதா?" என்று கேட்டார். அணில்தான் என்றேன்.