கட்டிய தாலியும் பதிந்த பத்திரமும்



நம் தோட்டப்புறங்களில் கல்யாணப் பேச்சு என்றால் பத்துப் பேர் கூடுவார்கள். பந்தல் போடுவதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் ஆள் வந்துவிடும். அதே கல்யாணம் முறிந்துபோனால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். “குடும்ப விஷயம், வெளியே தெரியக்கூடாது” என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்படி நாம் பேசாமல் மறைத்த ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். கணவனும் மனைவியும் பிரிய நேர்ந்தால் சட்டம் என்ன செய்யும்? பிள்ளை யாரிடம் இருக்கும்? வழக்கறிஞரிடம் ஏன் போகவேண்டும்? இவற்றை அறிய நாம் வந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

நம் பாட்டன்மார் கங்காணியின் பின்னால் கப்பலேறி வந்தார்கள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளர்கள் உதவிபெற்றுக் குடிபெயர்வதைத் தடுக்கும் வரையில் அந்த வரவு தொடர்ந்தது. வந்த காலத்தில் ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினார்கள். லயத்தில் குடும்பம் நடத்தினார்கள். கல்யாணத்துக்கு ஊர் சாட்சி, சாமி சாட்சி. எழுத்தில் ஒன்றும் இல்லை.

சண்டை வந்தால் கங்காணியும் கோயில் தலைவரும் பெரியவர்களும் கூடிப் பஞ்சாயத்து பேசினார்கள். பல குடும்பங்களை அந்தப் பஞ்சாயத்து சேர்த்துவைத்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பஞ்சாயத்தின் சொல்லுக்கு ஊர்க்கட்டுப்பாடு ஒன்றே பலம். “மாதம் இவ்வளவு கொடு” என்று தீர்ப்புச் சொன்ன மறுவாரமே கணவன் வேறு தோட்டத்துக்குப் பேர் பதிந்துகொண்டு போய்விட்டால், அவனை யார் பிடிப்பது? வீடும் பெரும்பாலும் அவன் வேலையோடு ஒட்டிய லயத்து வீடு. வேலையை விட்டு அவன் போனால் அந்தக் கூரையும் போய்விடும். காலையில் பெரட்டுக்கு ஓடுகிற அந்தத் தாய், ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு எங்கே போய் நியாயம் கேட்பாள்?

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அன்று அந்தக் கதவும் அவளுக்குத் திறக்கவில்லை. மலாயாவில் 1952ஆம் ஆண்டில் மணமுறிவுச் சட்டம் ஒன்று இருந்தது. அது ஒருவனுக்கு ஒருத்தி என்ற விதியின்கீழ் நடந்த திருமணங்களுக்கு மட்டும் உரியது. சிவில் முறையிலோ கிறிஸ்துவ முறையிலோ மணந்தவர்கள் அதைப் பயன்படுத்தலாம். இந்து வழக்கப்படி மணந்தவன் அன்று இரண்டாம் தாரமும் கட்டிக்கொள்ள இடம் இருந்தது. ஆகவே அந்தத் திருமணத்தை அச்சட்டத்தின்கீழ் முறிக்கமுடியாது. அவன் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். இவள் விடுதலை கேட்டு நீதிபதியின் முன் நிற்க வழியில்லை. கோயிலில் தாலி கட்டியவளின் நிலை அன்று இதுதான்.

ஒரே ஒரு சிறு கதவு அப்போதும் திறந்திருந்தது. 1950ஆம் ஆண்டின் ஜீவனாம்சச் சட்டம், மனைவியையும் பிள்ளைகளையும் கைவிட்டவனிடம் மாதாந்தரப் பணம் கேட்கும் உரிமையைக் கொடுத்தது. மணமுறிவு கேட்காமலே அந்த வழக்கைத் தொடுக்கலாம். 1968ஆம் ஆண்டில் வந்த மற்றொரு சட்டம், கொடுக்காதவனின் சம்பளத்திலிருந்தே பணத்தைப் பிடித்துக் கொடுக்க வழிசெய்தது. இவ்விரு சட்டங்களும் இன்றும் உள்ளன. ஆனால் மனைவி என்று நிரூபிக்கவேண்டுமே! பதிவுப் பத்திரம் இல்லாதவள் கல்யாணப் பத்திரிகையையும் பழைய புகைப்படத்தையும் தாலி எடுத்துக்கொடுத்த ஐயரையும் தேடி அலையவேண்டியதாயிற்று.

அண்டை நாடான சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டிலேயே மாதர் சாசனம் நடப்புக்கு வந்து, முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருதார மணத்தை விதியாக்கியது. நம் நாட்டில் இருபது ஆண்டுகள் கழித்தே அது நடந்தது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்தது. அந்தத் தேதியை நம் பெண்கள் மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும். அன்று முதல் முஸ்லிம் அல்லாத ஒருவன் ஒரு மனைவி உயிரோடிருக்க இன்னொருத்தியை மணக்கமுடியாது. திருமணத்தைப் பதிவுசெய்வது கட்டாயமாயிற்று. அதற்கு முன்பு வழக்கப்படி முறையாக நடந்த திருமணங்கள் பதிவுசெய்யப்பட்டதாகவே கருதப்படும் என்றும் சட்டம் கூறியது. பாட்டியின் தாலியைச் சட்டம் தள்ளிவிடவில்லை; பேத்தியின் தாலிக்குப் பத்திரம் வேண்டும் என்றது.

மணமுறிவின் வழியும் தெளிவாயிற்று. இருவரும் மனமொத்துப் பிரிவதானால் கூட்டாக மனுச் செய்யலாம். ஒருவர் மட்டும் கேட்டால், திருமணம் சீர்செய்ய முடியாதபடி முறிந்துவிட்டதென்று காட்டவேண்டும். பிறரோடு தொடர்பு, சேர்ந்து வாழமுடியாத நடத்தை, இரண்டாண்டு கைவிட்டுப்போதல், இரண்டாண்டு பிரிந்து வாழ்தல் ஆகியவற்றை நீதிமன்றம் பார்க்கும். திருமணமாகி இரண்டாண்டு ஆகுமுன் கேட்பதற்குப் பொதுவாக அனுமதி இல்லை. ஒருவர் மட்டும் கேட்கும் வழக்கில் முதலில் சமரசக் குழுவின்முன் போகவேண்டும். பழைய பஞ்சாயத்தின் நல்ல பகுதியைச் சட்டம் தனக்குள் எடுத்துக்கொண்டது என்றே சொல்லலாம். ஆனால் கைவிட்டு ஓடியவனைத் தேடிப்பிடித்துச் சமரசம் பேசச் சொல்வதில்லை. அதற்கு விலக்கு உண்டு.

இனி, பிள்ளைகளின் கதைக்கு வருவோம். 1961ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் தகப்பனையே பிள்ளையின் பாதுகாவலனாக முதலில் வைத்திருந்தது. வளர்ப்பவள் தாய், கையெழுத்துப் போடுபவன் தந்தை! 1999ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை வந்தது. மணமுறிவு வழக்கிலோ, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையின் நலனையே நீதிபதி பார்க்கிறார். ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நன்று என்பது தொடக்கக் கருத்து. தக்க காரணம் காட்டினால் அது மாறலாம். விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பமும் கேட்கப்படும். இருக்கும் இடத்திலிருந்து பிள்ளையைப் பிடுங்கி அலைக்கழிப்பது நல்லதல்ல என்பதையும் நீதிபதி எண்ணிப்பார்ப்பார். ஆகவே கோபத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர், தம் வழக்கைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்.

சட்டம் ஒரே நாளில் முழுமை பெற்றுவிடுவதில்லை. 2004ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம், பிள்ளைக்குத் தரும் பணம் 18 வயதோடு நிற்கும் என்று தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகத்தில் கால்வைக்கும் வயதில் உதவி நின்றுபோகும் நிலை! பிறகு சட்டம் திருத்தப்பட்டு, 2018ஆம் ஆண்டு டிசம்பர் 15 முதல் மேற்படிப்பு முடியும் வரை பணம் கோர வழி பிறந்தது. அதே 2018ஆம் ஆண்டு ஜனவரியில் ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தியின் வழக்கில், பிள்ளைகளை மதம் மாற்றத் தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் கூறியது. பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர் 2009 முதல் வழக்கறிஞர்களின் துணையோடு நடத்திய போராட்டம் அது. தீர்ப்பு கிடைத்த பின்னும் தம் கடைசி மகளைக் காண அவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. சட்டம் வேறு, அது கைக்கு வந்துசேர்வது வேறு என்பதை நாம் மறக்கக்கூடாது.

அதனால்தான் வழக்கறிஞர் வேண்டும் என்கிறோம். மணமுறிவு மனு உயர்நீதிமன்றத்தில் தொடுக்கப்படுவது. நாளையும் ஆதாரத்தையும் ஒழுங்காக வைக்காவிட்டால் நியாயம் நம் பக்கம் இருந்தும் வழக்குத் தள்ளிப்போகும். “லாயருக்குக் கொடுக்க நம்மிடம் ஏது வெள்ளி?” என்று கேட்பீர்கள். இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் 1970ஆம் ஆண்டில் அரசாங்கம் சட்ட உதவிப் பிரிவை அமைத்தது. 1971ஆம் ஆண்டில் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. இன்று சட்ட உதவி இலாகா என்று பெயர் பெற்றுள்ள அந்த அலுவலகம், குறைந்த வருமானக்காரர்களின் மணமுறிவு, பிள்ளைப் பராமரிப்பு, ஜீவனாம்ச வழக்குகளைக் கவனிக்கிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் உள்ளன. முதலில் அங்கே கேளுங்கள்.

சொந்தமாக வழக்கறிஞர் வைப்பதானால் சிலவற்றைக் கவனியுங்கள். தரகர் பின்னால் போகாதீர்கள். வழக்குப் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குவது குற்றம். கட்டணம் எவ்வளவு, அதில் என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது வாங்குங்கள். எதிர்வழக்காடும் இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் வாதாடமுடியாது. கணவன் வைத்த லாயர் உங்கள் லாயர் ஆகமாட்டார். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் விளக்கச் சொல்வது உங்கள் உரிமை. திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு, பள்ளிச் செலவு ரசீது ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடி உதை இருந்தால், 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு ஆணை பெறலாம். போலீசில் புகார் செய்து, மருத்துவரிடம் காட்டி, அந்தக் காகிதத்தையும் பையில் சேருங்கள்.

நேயர்களே, குடும்பம் பிரியவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சேர்ந்து வாழ்வதே சிறப்பு. ஆனால் பிரிவு தவிர்க்கமுடியாதபோது, பிள்ளையின் படிப்பும் சோறும் அதோடு பிரிந்துபோகக் கூடாது. நம் பாட்டிகளுக்கு நீதிமன்றத்தின் கதவு மூடியே இருந்தது. இன்று அது திறந்திருக்கிறது. கோயிலில் தாலி கட்டும் நாளிலேயே பதிவு இலாகாவின் பத்திரமும் கையில் இருக்கட்டும். அதை வைத்துக் கதவைத் தட்டத் தெரிந்துகொண்டால், நம் வீட்டுப் பெண் யார் முன்னும் கைகட்டி நிற்கவேண்டியதில்லை.