யூதத் தெருவில் காதலும் கல்யாணமும்

மட்டாஞ்சேரியில் கொச்சி அரண்மனையை அடுத்து, 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஜெப ஆலயம் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே நீளும் யூதத் தெருவில் வாழ்ந்தவர்களுக்குத் திருமணம் என்பது இருவர் விருப்பம் மட்டுமல்ல. யார் யாரோடு சம்பந்தம் செய்யலாம் என்ற கேள்வி அந்தச் சிறு சமூகத்தை நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆட்டிப்படைத்தது.

கொச்சி யூதர்களில் மலபாரிகளே மூத்தவர்கள். ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டவர்களும், பின்னர் அலெப்போ, பாக்தாத் பக்கமிருந்து வணிகத்துக்கு வந்தவர்களும் பரதேசிகள் எனப்பட்டனர். வந்தவர்களில் பலர் உள்ளூர் மலபாரிக் குடும்பங்களில் பெண் எடுத்தார்கள் என்பதே ஆய்வாளர் பலர் கருத்து. ஆயினும் விரைவிலேயே அவர்கள் தங்களை உயர்ந்த வம்சத்தார் என்று சொல்லி, மலபாரிகளோடு கொள்வினை கொடுப்பினையை நிறுத்திக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கு எகிப்து வரை போயிற்று. கெய்ரோவின் புகழ்பெற்ற ரபி டேவிட் இபின் ஸிம்ரா, முறைப்படி மதச் சடங்கு நீராடியவர்களோடு மணம் செய்யத் தடையில்லை என்று தீர்ப்பு எழுதினார். பரதேசிகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேரளத்துச் சாதி வழக்கம், கெய்ரோ ரபியின் சொல்லைவிட அவர்களுக்கு நெருக்கமாக இருந்தது.

பரதேசிகளுக்குள்ளேயே இன்னொரு பிரிவும் உண்டு. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட இவர்களை மெஷுஹ்ரார் என்றார்கள். ஜெப ஆலயத்தில் இவர்களுக்கு உள்ளே இருக்கை கிடையாது. முகப்பிலும் படியிலும் உட்காரவேண்டும். பெண் கேட்பது பற்றி நினைக்கவே முடியாது. அயலாரிடமிருந்து தாலியை எடுத்துக்கொண்டு, பெண்கள் மலையாளத்தில் கல்யாணப் பாட்டுப் பாடி, நாள்கணக்கில் விருந்து வைத்துக் கொண்டாடிய ஒரு சமூகம், அயலாரின் தீட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது.

மெஷுஹ்ரார் பிரிவில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞரானவர். கொச்சி சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். காந்தியின் வழியை ஜெப ஆலயத்துக்குள் கொண்டுவந்து சத்தியாகிரகம் இருந்ததால் இவரை யூத காந்தி என்று அழைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. இருக்கை கிடைத்தது, வேதம் வாசிக்கும் உரிமையும் கிடைத்தது. சம்பந்தம் மட்டும் கிடைக்கவில்லை. பக்கத்தில் உட்கார இடம் தருவது எளிது, பெண் தருவதுதான் கடினம் என்பதை வேறு பல ஊர்களின் சாதிக் கதைகளும் சொல்லும்.

அந்தக் கடைசித் தடையை உடைத்தது போராட்டமல்ல, காதல். சேலத்தின் மகன் பால்ஃபரும், கோடர் என்ற பெரிய பரதேசிக் குடும்பத்துப் பெண் பேபியும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். மட்டாஞ்சேரியில் அவர்கள் திருமணம் நடக்க வழியில்லை. 1950இல் பம்பாய்க்குப் போய் மணந்துகொண்டார்கள். ஊர் திரும்பிய தம்பதி ஜெப ஆலயத்துக்குள் நுழைந்தபோது, பெண்கள் பகுதியில் இருந்தவர்கள் எழுந்து வெளியேறினார்கள். இந்தியா குடியரசாகித் தீண்டாமையைச் சட்டத்தால் ஒழித்த அதே ஆண்டு அது.

எதிர்ப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் அதற்குள் தெருவே காலியாகத் தொடங்கியிருந்தது. 1948இல் இஸ்ரேல் உருவானபின், 1950களின் நடுப்பகுதிக்குள் மலபாரிகளில் பெரும்பாலோர் குடிபெயர்ந்தார்கள். சொத்தும் தொழிலும் இருந்த பரதேசிகள் மெதுவாகப் போனார்கள். அப்போதும் அவர்கள் நூறு பேர் அளவுக்கே இருந்தார்கள்; அவர்களிலும் பலர் ஒருவருக்கொருவர் உறவினர். மணப்பருவம் வந்தவர்களுக்கு ஊரில் ஜோடி இல்லை. துணை தேடி வெளிநாடு போனவர்கள் உண்டு. மணமாகாமலே மட்டாஞ்சேரியில் தங்கி மூப்படைந்தவர்களும் உண்டு. இன்றைய இளைஞர்கள் அளவுக்கு மீறிய தெரிவுகளுக்கு நடுவே நிலையான உறவுக்குத் தயங்குகிறார்கள் என்று பேசப்படுகிறது. யூதத் தெருவின் பிள்ளைகளுக்கு இருந்த தொல்லை நேர் எதிரானது: உறுதி தர மனம் இருந்தாலும், அதைப் பெற்றுக்கொள்ள ஆள் இல்லை.

தூய வம்சம் என்ற பிடிவாதத்தை மட்டுமே இதற்குப் பழிசொல்ல முடியாது. குடிப்பெயர்ச்சி இல்லாவிட்டால் கதை வேறாகியிருக்கலாம். எனினும் மணக்கத் தகுந்தவர்கள் பக்கத்து ஜெப ஆலயத்திலேயே இருந்த நூற்றாண்டுகளில் கதவைச் சாத்தி வைத்தவர்கள் பரதேசிகளே. பொது வழிபாட்டுக்குத் தேவையான பத்து ஆண்கள் பரதேசி ஜெப ஆலயத்துக்கு இப்போது உள்ளூரில் கிடையாது. வெளியூர் யூதர்கள் வந்தால்தான் அந்த எண்ணிக்கை நிறையும். கோடர் குடும்பத்தில் பிறந்த குயீனி ஹலேகுவா 2024 ஆகஸ்டில் மறைந்தபின், மட்டாஞ்சேரியில் பரதேசி யூதப் பெண் ஒருவரும் இல்லை.