ஒரு சொல்லும் ஓரறைப் பள்ளியும்: அயோவா மாநில ஆமிஷ் மக்களின் பட்டறிவு

அமெரிக்கக் கல்வி வரலாற்றில் பயிலும் ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ என்னும் தொடரைப் ‘பள்ளி மாவட்டம்’ என்று பெயர்ப்பது இயல்பாகத் தோன்றும். ஆனால், 1931-32இல் அந்நாட்டில் இத்தகைய அமைப்புகள் ஏறத்தாழ 1,27,000 இருந்தன. நம் மாவட்டத்திற்கு ஒருவாறு நிகரான கவுண்டிகளோ 3,000 அளவினவே. ஆதலின் அன்றைய ‘டிஸ்ட்ரிக்ட்’ பல இடங்களில் ஓர் ஓரறைப் பள்ளியையும் அதனைச் சூழ்ந்த பண்ணைகளையும் மட்டுமே குறித்தது. பண்ணையாளர் தேர்ந்தெடுத்த குழுவே வரி விதித்தது, ஆசிரியரையும் அமர்த்தியது. நல்ல சாலையும் பள்ளிப் பேருந்தும் வந்தபின் மாநில அரசுகள் இவற்றை ஒன்றோடொன்று இணைத்தன. 1970களின் தொடக்கத்தில் எஞ்சியவை 17,000க்கும் குறைவே.

இணைப்பின் பொருள் யாதென அயோவா மாநிலத்து ஹேசல்டன் சிற்றூரில் காணலாம். புக்கானன் கவுண்டியைச் சார்ந்த இவ்வூரின் பள்ளியாட்சி, 1960களின் தொடக்கத்தில் ஃபயெட் கவுண்டியிலுள்ள ஓல்வைன் நகரத்தோடு இணைக்கப்பட்டது. (கவுண்டி எல்லையையே கடக்கும் ஓர் அமைப்பை மாவட்டம் என்பது எங்ஙனம் பொருந்தும்?) அப்பகுதியின் ஆமிஷ் மக்கள் வீட்டில் பென்சில்வேனிய ஜெர்மனும் வழிபாட்டில் செவ்வியல் ஜெர்மனும் வழங்குபவர், பள்ளியில் ஆங்கிலம் கற்பவர். எட்டாம் வகுப்போடு நிற்கும் ஓரறைப் பள்ளியையே அவர்கள் விரும்பினர். அரசுச் சான்று பெறாத தம்மினத்து ஆசிரியரையே அமர்த்தினர். சட்டம் இதனை ஏற்கவில்லை. தந்தையருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது.

1965 நவம்பர் 19 அன்று, பிள்ளைகளை ஊர்ப் பள்ளிக்கு ஏற்றிச் செல்ல அதிகாரிகள் பேருந்துடன் வந்தனர். ஓடுமாறு ஜெர்மனில் ஒரு குரல் எழுந்தது. பிள்ளைகள் சோளக் கொல்லைக்குள் ஓடி மறைந்தனர். அக்காட்சியின் நிழற்படம் நாடெங்கும் பரவியது. ஆளுநர் ஹெரால்ட் ஹியூஸ் தலையிட்டார். 1967இல் அயோவா சட்டமன்றம் இம்மக்களுக்கு விலக்களிக்க வழிசெய்தது. விஸ்கான்சின் மாநில ஆமிஷ் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம், எட்டாம் வகுப்பிற்குப் பின் அவர்தம் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தலாகாது என்றது.

‘கன்சாலிடேஷன்’ என்பதை ‘ஒருங்கிணைப்பு’ என்பது அலுவலகத்தின் நோக்கில் சரியே. தம் ஆசிரியரைத் தாமே அமர்த்திய பண்ணையாளர் நோக்கில் அது ‘கலைப்பு’. ‘டிஸ்ட்ரிக்ட்’ என்பதற்குப் ‘பள்ளியாட்சி வட்டம்’ என்பதை இக்கட்டுரையாளர் பரிந்துரைப்பார். ‘வட்டம்’ நம் வருவாய்த் துறைச் சொல்லாயினும், ‘பள்ளியாட்சி’ என்னும் அடை மயக்கத்தைப் பெரிதும் நீக்கும். எது கலைக்கப்பட்டது என்பதையும் அச்சொல்லே காட்டும்.