இரண்டு மோட்டார்கள், ஒரு நேர்கோடு

ஸ்டெப்பர் மோட்டாருக்கு நேர்கோடு என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு மின்துடிப்பு கொடுத்தால் ஒரு ஸ்டெப் நகரும், அவ்வளவுதான். பொதுவாக 200 ஸ்டெப் போனால் ஒரு சுற்று. குறுக்கே நகர்த்த ஒரு மோட்டார், மேலே நகர்த்த இன்னொன்று. இப்போது சாய்வாக ஒரு கோடு போட வேண்டும். எது எப்போது நகர வேண்டும் என்று யார் சொல்வது?

இதற்குச் சுலபமான ஒரு கணக்கைத் தந்தவர் ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த ஜாக் பிரெசன்ஹாம். ஆண்டு 1962. பேனாவால் வரையும் கால்காம்ப் பிளாட்டரை 1401 கம்ப்யூட்டரோடு இணைத்தபோது பிறந்த கணக்கு அது. குறுக்கே 10, மேலே 3 என்று வையுங்கள். குறுக்கு மோட்டார் ஒவ்வொரு முறையும் நகரும். பாக்கி சேர்ந்துகொண்டே வரும், பாதியைத் தாண்டியதும் மேல் மோட்டார் ஒரு ஸ்டெப் போடும். முழு எண்களில் கூட்டல், கழித்தல் போதும்! 1965-ல் இது கட்டுரையாக வெளிவந்தது.

அங்கே கம்ப்யூட்டர் ஒன்றுதான், அதனால் சண்டை இல்லை. ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி மூளை வைத்தால்தான் சிக்கல்.

2005-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் திட்டத்தில் இதுதான் நடந்தது. தன் பாகங்களைத் தானே அச்சடிக்கும் முப்பரிமாண பிரிண்டர் செய்வது நோக்கம். ஆரம்பகால மின்னணுவில் மோட்டாருக்கு ஒரு பிக் சிப் போர்டு. எல்லாம் வளையமாக இணைக்கப்பட்டிருக்கும், செய்தி கைமாறிக் கைமாறித்தான் போகும். அந்த வேகம் நேர்கோட்டுக்குப் போதாது. அதனால் இரண்டு போர்டுகளுக்கு நடுவே தனியாக ஒரு கம்பி! ஒன்று கணக்குப் போடும், மற்றது நகர வேண்டிய நேரத்தில் கம்பியில் ஒரு தட்டு. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

பிறகு ஆர்டுயினோ வகைப் போர்டு வந்து எல்லா மோட்டாரையும் ஒரே சிப் கவனித்தது, கம்பி போயிற்று. ஆனால் அந்தச் சின்னச் சிப்புக்கு வேகமான கணக்குகள் பெரும் பாரம்.

2012-ல் ராஸ்பெரி பை வந்தது. 2016-ல் கெவின் ஓ'கானர் தொடங்கிய கிளிப்பர் மென்பொருள் கணக்கு முழுவதையும் பையிடம் கொடுத்தது. லினக்ஸ் மைக்ரோவினாடி துல்லியத்துக்கு உத்தரவாதம் தராதே? அதனால் அது "இப்போது நகர்" என்று சொல்வதில்லை, "உன் கடிகாரத்தில் இந்த எண் வரும்போது நகர்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. போர்டுகள் பலவாக இருந்தால் கடிகாரங்களும் பல. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றால்கூட ஒரு மணி நேரத்தில் 0.18 வினாடி விலகிவிடும். வினாடிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் அது 18 மில்லிமீட்டர்! எனவே பை ஒவ்வொரு போர்டின் கடிகாரத்தையும் அடிக்கடி கேட்டு, அதற்கேற்ப நேரத்தை மாற்றி அனுப்புகிறது.

ஒன்று மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாதது: எல்லை சுவிட்ச் எப்போது தட்டும் என்பது. சுவிட்ச் ஒரு போர்டிலும் மோட்டார் வேறு போர்டிலும் இருந்தால், செய்தி பை வழியாகச் சுற்றி வருவதற்குள் மோட்டார் கொஞ்சம் தாண்டிவிடும். அங்கே ரெப்ராப்பின் பழைய கம்பிதான் கெட்டிக்காரக் கம்பி.