இருநூறு மீட்டர் தள்ளி ஒரு மலை

2000ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி அமெரிக்க அதிபர் கிளிண்டன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு அனுப்பும் சமிக்ஞையில் ராணுவம் வேண்டுமென்றே கலந்துவந்த பிழை அன்று நள்ளிரவோடு நீக்கப்பட்டது. அதுவரை நூறு மீட்டர் வரை தடுமாறிக்கொண்டிருந்த கையடக்கக் கருவிகள், விடிந்தபோது பத்து இருபது மீட்டருக்குள் இடத்தைச் சொல்லின. மே 3ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஒரேகான் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியை மறைத்துவைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகைகளை இணையக் குழு ஒன்றில் எழுதினார். வாளிக்குள் புத்தகங்கள், மென்பொருள், ஒரு கவண், ஒரு டப்பா பீன்ஸ். கண்டெடுப்பவர் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைக்கவேண்டும், குறிப்பேட்டில் பெயரெழுதவேண்டும். அந்த மாதம் முடிவதற்குள் இவ்விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்ற பெயரும் அமைந்துவிட்டது.

இடக்குறிப்பை மட்டும் கொடுத்து ஒன்றைத் தேடவைக்கும் இந்த விளையாட்டுக்குக் கொல்லிமலையைவிடப் பொருத்தமான மலை தமிழில் இல்லை. நற்றிணையின் 192ஆம் பாடல் கொல்லிப்பாவையைப் பற்றிப் பேசும்போது, அது மலையின் மேற்குப் பக்கத்தில் இருப்பதாகவும், அங்கே பலாமரங்கள் உண்டென்றும், செய்தது ஒரு பூதம் என்றும் சொல்கிறது. திசை, தாவரம், செய்தவர் யார் என்ற மூன்று தகவல்கள். ஓர் ஜியோகேச்சிங் பக்கத்தில் இன்று தரப்படும் துப்புகளும் ஏறக்குறைய இவ்வளவுதான். இரண்டாயிரம் ஆண்டுகளாக யாரும் அந்தப் பாவையைக் கண்டெடுத்ததாகச் சான்றில்லை என்பது வேறு விஷயம்.

நாமக்கல் மாவட்டத்தில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் விரியும் இந்த மலையில் கையடக்க ஜி.பி.எஸ். ஒன்றைப் பழகத் தொடங்குபவர் முதலில் கற்பது பொறுமை. கருவி நான்கு செயற்கைக்கோள்களையாவது கேட்டாகவேண்டும். மூன்று இடத்துக்கு; நான்காவது, கருவியிலிருக்கும் மலிவான கடிகாரத்தின் பிழையைத் திருத்துவதற்கு. நெடுநாள் அணைத்துவைத்த கருவி வானத்தின் அட்டவணையை மறுபடி பெறச் சில நிமிடங்கள் பிடிக்கும். பலா மரத்தடியிலும் ஆழமான ஓடைப் பள்ளத்திலும் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி வந்து தவறான தூரத்தைக் கொடுக்கும். காந்தமானி இல்லாத பழைய கருவிகளில் அம்புக்குறி நடக்கும்போது மட்டுமே சரியான திசையைக் காட்டும். நின்று யோசித்தால் அது தன் இஷ்டத்துக்குச் சுழலும்.

அடுத்தது எண்களை எழுதும் முறை. ஜியோகேச்சிங் உலகில் பாகையும் தசம நிமிடமும் வழக்கம்: 11° 15.500′. இதை ஒருவர் பழைய பள்ளிக்கூட வழக்கப்படி 11° 15′ 50″ என்று உள்ளிட்டால் இருபது விகலை, அதாவது அறுநூறு மீட்டருக்கு மேல், விலகிவிடும். அம்பு காட்டுவதும் நேர்க்கோட்டுத் தூரத்தை மட்டுமே. அறப்பளீசுவரர் கோவிலருகே நின்று ஆகாயகங்கை அருவியைக் குறிவைத்தால் திரையில் தெரியும் எண் சிறியதாக இருக்கும். கால்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை இறங்கி, பிறகு ஏறவேண்டும்.

இவையெல்லாம் ஓரிரு நாளில் பழகிவிடும். கருவியின் அமைப்புப் பட்டியலில் ‘மேப் டேட்டம்’ என்றொரு வரி இருக்கிறது. பெரும்பாலோர் தொடாமல் கடந்துபோகும் அந்த வரிக்குள்தான் இருநூறு ஆண்டு வரலாறு அடைந்து கிடக்கிறது. இந்தியச் சர்வே துறையின் பழைய நிலவரைபடத் தாளில் கொல்லிமலையின் ஒரு புள்ளியை அளந்து, அதன் எண்களை ஜி.பி.எஸ்.ஸில் அப்படியே கொடுத்தால், கருவி நம்மைக் கொண்டுசேர்க்கும் இடம் அந்தப் புள்ளியிலிருந்து சுமார் இருநூறு மீட்டர் தள்ளியிருக்கும். வரைபடத்திலும் பிழையில்லை, கருவியிலும் பிழையில்லை. இரண்டும் வெவ்வேறு பூமிகளைப் பற்றிப் பேசுகின்றன.

பழைய தாளின் பூமி சென்னையில் பிறந்தது. திப்பு வீழ்ந்த பிறகு தென்னிந்தியாவை முக்கோணங்களால் அளக்கும் திட்டத்தை முன்வைத்த வில்லியம் லாம்டன், 1802 ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலையருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அவர் பயன்படுத்திய நூறடி எஃகுச் சங்கிலி சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே ஏற்கப்படாமல் இந்தியா வந்து சேர்ந்தது. அரை டன் எடையுள்ள தியோடலைட்டோ லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி, மொரீஷியஸ் போய் மீண்டது. 1808இல் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் மீது அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி அதன் வட்டம் நெளிந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் ஆறு வாரம் அடைந்துகிடந்து அதைத் தட்டித் தட்டிச் சரிசெய்தார். சோழர் எழுப்பிய விமானம் கும்பினியாரின் அளவைக் கம்பமாகப் பயன்பட்ட அந்தக் காட்சியை நம் நாவலாசிரியர்கள் விரிவாக எழுதியிருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பெங்களூர்ப் பக்கமிருந்து கன்னியாகுமரி நோக்கி இறங்கிய லாம்டனின் முதன்மை முக்கோண வரிசை, கொல்லிமலைக்கு மேற்கே ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் செல்கிறது. 1823இல் ஹிங்கன்காட்டில் லாம்டன் இறந்தபின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், இந்த அளவுகளைக் கொண்டு பூமியின் உருவத்தைக் கணித்தார். 1830ஆம் ஆண்டின் அந்த எவரெஸ்ட் கோளவுருவின்படி பூமத்திய ரேகை ஆரம் 6377 கிலோமீட்டரும் சொச்சமும். ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 உருவில் அது சுமார் 860 மீட்டர் கூடுதல். எவரெஸ்டின் பூமி இந்தியத் துணைக்கண்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. மத்தியப் பிரதேசத்தின் கல்யாண்பூரைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டது. டபிள்யூ.ஜி.எஸ். 84 புவிமையத்தைத் தொடக்கமாகக் கொண்டு உலகம் முழுவதற்கும் பொதுவாகத் தைத்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் கொல்லிமலையில் அந்த இருநூறு மீட்டர். சமவெளியில் அது இரண்டு வயல் தள்ளிப்போவது. இங்கே ஓர் ஓடையின் மறுகரை, சில இடங்களில் ஒரு பள்ளத்தாக்கின் மறுபக்கம்.

எவரெஸ்டின் பூமியை அரசு விட்டுக்கொடுக்க நெடுங்காலம் பிடித்தது. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைதான், பாதுகாப்புப் படைகளுக்கு ஒரு தொகுதி, பொதுமக்களுக்கு டபிள்யூ.ஜி.எஸ். 84இல் இன்னொரு தொகுதி என்று பிரித்தது. அதற்குள் ஜி.பி.எஸ். கருவிகள் கடைகளில் கிடைத்துக்கொண்டிருந்தன. விண்ணிலிருந்து அளந்த எண் கையில் இருந்தும், தான் நிற்கும் மலையின் அரசாங்க வரைபடத்தோடு ஒரு குடிமகன் அதை நேரடியாகப் பொருத்திப்பார்க்க முடியாத விசித்திரமான காலம் அது. 2021 பிப்ரவரி 15ஆம் தேதி வெளியான வழிகாட்டுதல்களுக்குப் பிறகே இந்தியர்கள் முன் அனுமதியின்றி வரைபடம் உருவாக்கும் நிலை பரவலாக ஏற்பட்டது.

உயரமும் ஒரு வேடிக்கை. தென்னிந்தியாவின் கடல் மட்டம், டபிள்யூ.ஜி.எஸ். 84இன் வழுவழுப்பான உருவத்துக்குத் தொண்ணூறு மீட்டரை ஒட்டிக் கீழே கிடக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு மிகக் குறைந்த பள்ளம் ஒன்று இருப்பதன் விளைவு. நல்ல கருவிகள் இதைத் தாமே திருத்திக் காட்டும். திருத்தாத எண்ணை நம்பினால் கொல்லிமலை தொண்ணூறு மீட்டர் குள்ளமாகிவிடும்.

விளையாட்டுக்கென்று இங்கே பெட்டி வைக்க நினைப்பவர் காப்புக்காட்டின் எல்லை எங்கே என்று முதலில் பார்க்கவேண்டும். அதற்குள் எதையும் வைப்பதற்கு வனத்துறையின் அனுமதி தேவை. மலையாளி மக்களின் கோவில் காடுகளும் பெட்டிக்கான இடமல்ல. செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் வகைக் கருவிகளுக்கு இந்தியாவில் உரிமம் வேண்டும். அவற்றோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் சிக்கியதுண்டு. வெறுமனே கேட்கும் ஜி.பி.எஸ். கருவிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இந்தியாவில் இதே கருவிக்கு இன்னொரு பயனும் கிடைத்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வந்த பிறகு, குஜராத்தில் பழங்குடிக் கிராமத்தினர் கையடக்க ஜி.பி.எஸ்.ஸோடு தம் சாகுபடி நிலத்தின் விளிம்பைச் சுற்றி நடந்து, புள்ளி புள்ளியாகப் பதிவுசெய்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தித் தம் கோரிக்கைகளை நிறுவினார்கள். தமிழ்நாட்டிலோ நீதிமன்றத் தடையால் உரிமை வழங்குவது பல ஆண்டுகள் நின்றுபோயிருந்தது. மலைவாசி ஒருவர் தன் சாமைக் காட்டைச் சுற்றி நடந்து எடுக்கும் எண்கள் ஒரு பூமியிலும், வனத்துறையின் பழைய எல்லைத் தாள் இன்னொரு பூமியிலும் இருந்தால், அவருடைய காடு முழுவதும் காப்புக்காட்டுக்குள் இருப்பதாகத் தாளில் தெரியக்கூடும். அவர் அலுவலகத்தில் கேட்கவேண்டிய முதல் கேள்வி, அந்தத் தாள் எந்த டேட்டத்தில் வரையப்பட்டது என்பது.